நாலாம் தண்ணி

அந்தத் தட்டை எடுத்து வேக வைத்தது நீங்கள்தான். அதில் முளைத்திருந்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்கள். பார்த்த பிறகுதான் வேக வைத்தீர்கள். பிறகு ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து, எல்லாச் சோதனையும் சுத்தமாக வந்திருக்கிறது என்று சொன்னீர்கள். அது பொய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நான் யார், எந்தத் தட்டு, எந்த மண்டபம் என்று எதுவும் தெரியாது. அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே என் அக்காவுக்குக் கால் கட்டுப் பிரிக்கிறார்கள். அவள் வலது காலின் கட்டைவிரலை வைத்துக்கொள்ளலாமா, எடுக்க வேண்டுமா என்று வியாழக்கிழமை சொல்வார்கள். இன்று செவ்வாய்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியும் பஞ்சும் அடுக்கி வைக்கிற ஒரு குடோன். அதன் மாடியில் இரண்டு அறை. அதுதான் எங்கள் லேப். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். முன்பு நூல் மில்லில் இருந்தேன். அது மூடிய பிறகு இங்கே வந்தேன். கையைச் சுத்தமாக வைத்திருப்பாள், சொன்னதைச் சொன்னபடி செய்வாள் என்று சேர்த்துக்கொண்டார்கள். லேபை நடத்துகிறவரை நாங்கள் சார் என்போம். இந்தக் கட்டுரையில் நீங்கள் என்று நான் கூப்பிடுகிற ஆள் அவர்தான். நடந்த கதையைச் சொல்லும்போது சார் என்றே எழுதுகிறேன். பழக்கம் போகவில்லை.

வேலை இதுதான். சிறியாநங்கை இலையைக் கையில் எடுத்தால் நமக்கு இலை மட்டும்தான் தெரியும். அந்த இலைக்குள் பூசணங்களும் பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. அவற்றால் செடிக்கு நோய் இல்லை. சில சும்மா இருக்கும். சில செடிக்கு உதவி செய்யும். செடியின் மருந்துச் சத்து என்று நாம் நினைப்பதைச் சில சமயம் இவையும் செய்கின்றனவாம். சில சமயம் செடியிடமே இல்லாத வேறொன்றைச் செய்கின்றனவாம். இவற்றைத் தனியே பிரித்து வளர்க்க முடிந்தால், மலையடிவாரத்தில் ஒரு செடியைக்கூடப் பிடுங்காமல் மருந்து எடுக்கலாம். சார் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்த நாளில் வீட்டுக்குப் போய் முருங்கைக் கீரை உருவும்போது ஒவ்வொரு இலையாகப் பார்த்தேன். அது நல்ல வேலை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். என் கோபம் அந்த வேலையின் மேல் இல்லை.

இதில் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. இலையின் மேலேயும் பூசணம் இருக்கும். மண், தூசி, ஆள் கை, எல்லாவற்றிலிருந்தும் வந்து ஒட்டியிருக்கும். மேலே இருப்பதைக் கொல்ல வேண்டும், உள்ளே இருப்பதைக் கொல்லக் கூடாது. அதற்காக இலையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டில் முக்கி, பிளீச்சில் முக்கி, மறுபடி ஸ்பிரிட்டில் முக்கி, பிறகு வேக வைத்து ஆற்றிய சுத்தமான தண்ணீரில் நான்கு முறை அலசுவோம். அலசிய இலையைத் துண்டாக வெட்டித் தட்டில் வைப்போம். தட்டில் உருளைக்கிழங்கு வேக வைத்த தண்ணீரும் சர்க்கரையும் கடல்பாசியும் உறைந்து கிடக்கும். அதுதான் பூசணத்துக்குச் சாப்பாடு. கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து இன்னொரு தட்டில் தேய்ப்போம். அந்தத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை என்றால் இலையின் மேல்புறம் சுத்தம்; இலைத் துண்டிலிருந்து முளைப்பது உள்ளிருந்து வந்தது. தண்ணீர்த் தட்டிலும் முளைத்தால் அந்த வேலை முழுவதையும் குப்பையில் போட வேண்டும். மறுபேச்சு கிடையாது. சொல்லிக் கொடுத்தது சார்தான்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில், "சார், கடைசித் தண்ணியை எந்தத் தட்டுல ஊத்தணும்?" என்று கேட்டேன்.

அப்போது சாரின் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். எங்கள் பக்கத்தில் கடைசித் தண்ணி என்றால், உயிர் போகிற நேரத்தில் வாயில் விடுகிற தண்ணீர். எனக்கு அது தோன்றவில்லை. சாரின் முகம் சுருங்கிப் போனது.

"அப்படிச் சொல்லாதம்மா. நாலாம் தண்ணின்னு சொல்லு."

அன்று முதல் அது நாலாம் தண்ணிதான். நோட்டிலும் தட்டின் மூடியிலும் நா.த. என்று எழுதுவேன். சாரின் அப்பா தவறிப்போய் ஒரு வருஷம் ஆன பிறகும் அப்படித்தான் எழுதினேன். இந்த ஒரு வார்த்தை என் அக்காவின் கால்விரல் வரைக்கும் வரும் என்று யாருக்குத் தெரியும்?

எங்களுக்குச் செடி கொண்டு வருகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். போன மழைக்காலத்தில் பிளவக்கல் பக்கம் வயல் வரப்பிலிருந்து சிறியாநங்கை பிடுங்கி வந்தார். மூட்டையைக் கீழே இறக்கும்போதே, "தங்கச்சி, பிள்ளைய நனையாம கொண்டாந்துருக்கேன், அடிக்காம குளிப்பாட்டு" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

நான் வழக்கம்போல முக்கி எடுத்து நான்கு முறை அலசினேன். சார் வந்து இலையை மோந்து பார்த்தார். "பிளீச் வாடை போகல. இன்னொரு தண்ணி விடு, இல்லாட்டி உள்ள இருக்கிறதும் செத்துரும்" என்றார். விட்டேன். ஐந்து தண்ணீர் ஆகிவிட்டது. தட்டில் தேய்க்கும்போது என் கை நான்காவது கிண்ணத்துக்குப் போனது. பழக்கம். கை அதன் போக்கில் எடுத்தது, அதன் போக்கில் நா.த. என்று எழுதியது. ஐந்தாம் தண்ணீரைச் சிங்கில் கொட்டிவிட்டேன். இது என் தப்பு. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் இலைத் துண்டுகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பூசணம் முளைத்திருந்தது. தட்டைத் திருப்பினால் அடியில் மஞ்சள் சாயம் இறங்கியிருந்தது. சார் அதைப் பிரித்து, சீழ் வைக்கிற பாக்டீரியா இருக்கும் தட்டில் வைத்தார். மறுநாள் பூசணத்தைச் சுற்றி வட்டமாக இடம் காலியாக இருந்தது. பாக்டீரியா கிட்டேயே வரவில்லை. சார் சின்னப் பிள்ளை மாதிரி அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எனக்கும் சந்தோஷம்தான்.

பிறகு நாலாம் தண்ணித் தட்டை எடுத்தேன். அதிலும் சாம்பல் நிறத்தில் மூன்று இடங்களில் முளைத்திருந்தது. அடியில் மஞ்சள்.

"சார், இதுலயும் வந்துருக்கு."

அவர் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனாவது தண்ணி?"

"நாலாவது சார்."

"அன்னைக்கு அஞ்சு தண்ணி விட்டோமே. அஞ்சாவதுதானே கடைசி? நீ ஏன் நாலாவதப் போட்ட?"

நான் மூடியில் எழுதியிருந்த நா.த. என்பதைப் பார்த்தேன்.

"அப்ப இது கணக்குல வராது. அஞ்சாவதுல எல்லாம் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை ஆட்டோகிளேவில் போட்டார். அது பெரிய குக்கர். உள்ளே போனது எதுவானாலும் வெந்துவிடும். மூடியைத் திருகும் முன்பு என் போனில் ஒரு படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. திட்டு வாங்கியதால்கூட இருக்கலாம்.

கடைசி என்ற வார்த்தையை வாயில் எடுக்காதே என்று சொன்னவரே, நாலாவது கடைசி இல்லையே என்று என்னைக் கேட்டார். அந்தப் பூசணம் இலைக்கு உள்ளே இருந்து வந்ததா, மேலே இருந்து வந்ததா என்பது அதோடு தெரியாமல் போனது. மறுபடி செடி வாங்கி, மறுபடி கழுவி, ஐந்து தண்ணீரையும் தட்டில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு வாரம் ஆகியிருக்கும். அவர் செய்யவில்லை.

அடுத்தது மண்டபம். சின்னச் சின்ன வெள்ளை டப்பாவில், அந்தப் பூசணத்தை வளர்த்து அதிலிருந்து செய்த ஒரு களிம்பு. ஆறாத புண்ணுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். அவர் பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "இது மூலிகைக்கு உள்ளேயிருந்து வந்தது. செடி தனக்குன்னு வச்சிருக்கிற மருந்து. அதனால கெடுதல் பண்ணாது. எல்லாச் சோதனையும் சுத்தமா வந்திருக்கு." முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "மூலிகையாம்" என்றாள். அந்த ஒரு சொல் அப்படியே பின்வரிசை வரை போனது. பூசணம் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நானும் சொல்லவில்லை.

செடிக்குள் இருக்கிறது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா? அரளிச் செடிக்குள்ளும்தான் எத்தனையோ இருக்கிறது. உள்ளிருந்து வந்தது என்பதைத் தவிர அந்தக் களிம்பு ஆளுக்கு ஆகும் என்று சொல்ல அவரிடம் வேறு எதுவும் இல்லை. உள்ளிருந்து வந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி தண்ணீர்த் தட்டு. அதை அவர் வேக வைத்துவிட்டார்.

இவ்வளவும் தெரிந்த நான் ஒரு டப்பாவை அக்காவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

என் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலேயே தைக்கிறவள். உள்பாவாடை, ஜாக்கெட். அவளுக்குச் சர்க்கரை. மெஷின் மிதித்து மிதித்து வலது கட்டைவிரலுக்கு அடியில் காய்ப்பு ஏறி, அது வெடித்துப் புண்ணாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றச் சொன்னார்கள். அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். நான் டப்பாவைக் கொடுத்த பிறகு நிறுத்திவிட்டாள்.

"என் தங்கச்சி லேபுல செஞ்சது" என்று தெருவில் எல்லோரிடமும் காட்டினாள். நான் செய்யவில்லை, தட்டு கழுவுகிறவள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டாள்.

முதல் பத்து நாள் புண்ணின் மேல்பக்கம் காய்ந்தது. அக்கா மறுபடி மெஷின் மிதித்தாள். எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. பஸ்ஸில் போகும்போது போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்ப்பேன். சாம்பல், மூன்று இடம், நா.த. மூடி வைப்பேன். மம்சாபுரம் விலக்கு ஸ்டாப் வருவதற்குள் மறுபடி எடுப்பேன். ஒருநாள் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பையிலிருந்து அதே வெள்ளை டப்பாவை எடுத்து முழங்கையில் தடவினாள். அது என்ன என்று யாரோ கேட்டதற்கு, "மூலிகைக்கா" என்றாள். நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என்னவென்று சொல்வது? எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? இறங்கும் இடம் வந்தது, இறங்கிவிட்டேன்.

வாரத்துக்கு இரண்டு முறை போக ஆரம்பித்தேன். வாசலில் நுழைந்ததும் காலைத்தான் பார்ப்பேன்.

"ஏட்டி, நீ என்னையப் பாக்க வாரியா, என் காலப் பாக்க வாரியா?" என்றாள் அக்கா.

"காலத்தான். உன்னைய நாப்பது வருசமா பாத்தாச்சு."

"பாத்துக்க. எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாத்துக்க. ஊசி கோத்துக் குடுத்துட்டுப் பாரு."

விரல் லேசாக வீங்கியிருந்தது. அழுத்தினேன். "வலிக்குதாக்கா?"

"இல்லையே."

அந்தப் பதில்தான் என்னை உலுக்கியது; வீங்கிய விரல் வலிக்கவில்லை என்றால் அதில் உணர்ச்சி செத்துப்போயிருக்கிறது. மேலே தோல் காய்ந்திருந்தது. அடியில் ஒரு வாடை. லேபில் வேலை பார்த்த மூக்கு எனக்கு.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்க்கா. இத போடாத."

"மூலிகைதானட்டி, அது என்ன செய்யும்? செத்த நேரம் சும்மா இரி. இந்த ஜாக்கெட்ட முடிச்சுட்டு வாரேன். கல்யாணத்துக்குக் குடுக்கணும்." ஜாக்கெட் முடிந்தது, அடுத்தது வந்தது. அப்படியே நான்கு நாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் வயதில் சின்னப் பெண். புண்ணைப் பார்த்ததும் என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

"மூலிகை" என்றாள் அக்கா.

"என்ன மூலிகை?"

அக்கா என்னைப் பார்த்தாள். "மூலிகை இல்ல டாக்டர். செடிக்குள்ள இருக்கிற பூசணத்த வளத்து, அதுலேருந்து எடுத்தது" என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சர்க்கரைக் கால் தானாகவும் இப்படிப் போகும், இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார். "ஆனா அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். தெரியாத ஒண்ணு மேல நான் மருந்து குடுத்துட்டு இருக்கேன். எந்தப் பூசணம், என்ன சேர்த்தாங்க, எழுதி வாங்கிட்டு வாங்க."

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "ரொட்டியில பூக்குமே, அதுவா?"

"அது மாதிரி."

"அதையாட்டி என் கால்ல போட்ட?"

பிறகு அன்று முழுவதும் அவள் பேசவில்லை.

சாருக்குப் போன் அடித்தேன். வெளியூரில் இருப்பதாகவும் வந்து பேசுவதாகவும் சொன்னார். எங்கே போவது என்று தெரியாமல் பாயின் கடைக்குப் போனேன். அந்த மூட்டை எந்த வரப்பில் பிடுங்கியது, என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அன்னைக்குச் செடி ஈரம் தங்கச்சி. அப்படியே சாக்குல கட்டினா வெந்துபோயிரும். உங்க குடோன்ல கழிவுப் பஞ்சு வாங்கி வச்சிருந்தேன், கடையில பாட்டில் உடையாம அடுக்க. அத அள்ளி நடுநடுவே வச்சுக் கட்டினேன்."

"பஞ்சா?"

"நம்ம ஊருப் பஞ்சுதானே. காயத்துக்கு வைக்கிற பஞ்சு. அதவிடச் சுத்தம் என்ன இருக்குன்னு நெனச்சேன்."

காயத்துக்கு வைக்கிற பஞ்சு வெளுத்து, வேக வைத்து, உறை போட்ட பிறகுதான் சுத்தம். அதற்கு முன்னால் அது குடோன் தரையில் கிடக்கிற தூசி. நம்ம ஊருப் பஞ்சு என்ற நம்பிக்கையில் வந்த தப்பு இது; வெளியூர்க்காரன் யாரும் செய்திருக்க மாட்டான். பாய் முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வரவில்லை. "தங்கச்சி, நான் எங்க வந்து வேணும்னாலும் சொல்லுதேன். மறைக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் லேபில், கீழே குடோனிலிருந்து ஒரு சிட்டிகைக் கழிவுப் பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்தேன். நான்கு நாளில் அதில் என்னென்னவோ முளைத்தது. கறுப்பு, பச்சை, வெள்ளை. ஓர் ஓரத்தில் சாம்பல். திருப்பினேன். அடியில் மஞ்சள் மாதிரி இருந்தது. அதே பூசணம்தானா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்து இரண்டு பூசணம் ஒன்றுதான் என்று சொல்லக் கூடாது என்பதும் சார் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் தட்டைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்தேன்.

அன்று சார் வந்தார். தட்டைக் காட்டினேன். பஞ்சைச் சொன்னேன். டாக்டர் கேட்டதைச் சொன்னேன்.

"உங்க அக்காவுக்குச் சுகர். சுகர்க் காலுக்கு நான் பொறுப்பா?"

"பொறுப்பு கேக்கல சார். பேரு கேக்கேன். அது என்ன பூசணம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேரு இன்னும் தெரியல. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். வரும்."

பெயர் தெரியாத ஒன்று. அதை மண்டபத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அதை என் கையால் நான் பஸ்ஸில் கொண்டுபோய் என் அக்கா காலில் தடவியிருக்கிறேன்.

"களிம்புல வேற என்ன சேத்தீக? அதயாவது எழுதிக் குடுங்க."

"அதெல்லாம் வெளிய சொல்ற விஷயம் இல்லம்மா. அந்த நாலாம் தண்ணியத் தூக்கிக்கிட்டு அலையாத. அது கடைசித் தண்ணியே இல்ல."

"அப்ப கடைசித் தண்ணி எங்க சார்?"

அந்த வார்த்தையை வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் மேஜையிலிருந்த என் லேப் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஞ்சுத் தட்டை நான் விடவில்லை. டேப் ஒட்டி, இரண்டு பையில் சுற்றி, தகர டப்பாவில் போட்டுக் கொண்டு வந்துவிட்டேன். அது இப்போது பாயின் கடையில் மேல் அலமாரியில் இருக்கிறது. "என்ன பேரு எழுதி ஒட்ட?" என்று கேட்டார் பாய். சாருக்கே தெரியாது என்றேன். "உங்க சாருக்கே தெரியலைன்னா நான் என்னத்த எழுத?" டப்பாவின் மேல் வெறும் தேதியை மட்டும் எழுதினோம்.

அக்கா இப்போது என்னிடம் பேசுகிறாள். இன்று காலையில், "விரலு போனா மெஷின இடது கால்ல மிதிக்கலாமாட்டி?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டாள். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

இனி உங்களுக்கு. நாலாவதைப் போட்டது என் தப்பு, படம் என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவேன். பஞ்சை வைத்தது பாயின் தப்பு, அவரும் சொல்லிவிட்டார். இருவரும் எங்கள் வாயாலேயே சொல்லிவிட்டோம். நீங்கள் மட்டும்தான் பாக்கி. பூசணம் இலைக்கு உள்ளேயிருந்தே வந்திருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்படியானால் ஐந்து தண்ணீரும் போட்டு எல்லோர் எதிரிலும் காட்டுங்கள்.

அதே மண்டபத்தைப் பிடியுங்கள். அன்று டப்பா வாங்கிய எல்லோரையும் கூப்பிடுங்கள். அதே மைக்கில் பேசுங்கள். என் போனுக்குப் பதில் வேண்டாம், லேபில் தனியாகப் பேசலாம் என்ற பேச்சும் வேண்டாம். அந்தக் களிம்பில் என்ன இருக்கிறது? அந்தப் பூசணத்துக்கு என்ன பெயர்? தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள், அதுவும் டாக்டருக்கு உதவும். வியாழக்கிழமைக்கு முன்னால் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.